மெழுகு தேய்த்த கட்டைவிரல்

கெட்ட வேலையைக் கண்டால் தசரதனுக்குக் கோபம் வராது, குமட்டும். கோபக்காரர்கள் நாலு சத்தம் போட்டுவிட்டு மறந்துபோவார்கள். தசரதன் சத்தம் போடமாட்டார். கோணலாக இழைத்த கட்டை ஒன்றைத் தவறிப்போய்த் தொட்டுவிட்டால்கூட எழுந்து போய், குழாயடியில் துணி சோப்பைப் போட்டு முழங்கை வரைக்கும் கழுவிவிட்டு வந்துதான் மறுபடி உளியை எடுப்பார். அவர் குழாயடிப் பக்கம் நடந்தாலே, யாரோ ஒருத்தனுடைய வேலை நாறுகிறது என்று பட்டறை முழுக்கத் தெரிந்துவிடும்.

படப்பையிலிருந்து ஒரகடம் போகிற சாலையில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட பட்டறை அது. முதலாளி டில்லிபாபு. அம்பத்தூரிலும் மறைமலை நகரிலும் இரும்பு வார்க்கிற ஆலைகளுக்கு மரத்தில் மாதிரி செய்து கொடுப்பதுதான் தொழில். பம்பு உடம்போ மோட்டார் மூடியோ, எது இரும்பில் வரவேண்டுமோ அது முதலில் இங்கே தேக்கில் வரும். அதற்குப் பேட்டர்ன் என்று பேர். ஆலையில் அதை மணலில் புதைத்து எடுத்துவிட்டு, மணலில் விழுந்த குழியில் இரும்பை ஊற்றுவார்கள். மரம் பிசகினால் இரும்பும் பிசகும்.

பேட்டர்ன் செய்கிற ஒவ்வொருவருக்கும் ஓர் எழுத்து உண்டு. வேலை முடிந்ததும் அடிப்பக்கத்தில் அந்த எழுத்தை இரும்பு அச்சால் அடித்துத்தான் வெளியே அனுப்புவார்கள். தசரதனுடையது ‘த’. குழாய்க்கு மேலே சுவரில் ஓர் ஆணி இருந்தது. வாங்குகிறவன் வேண்டாமென்று தள்ளிய பேட்டர்ன் எதுவானாலும், செய்தவனின் எழுத்து வெளியே தெரியும்படி அந்த ஆணியில் தொங்கவேண்டும். அடுத்தவனுடையது தள்ளப்படுகிற வரைக்கும் அது இறங்காது. தண்ணீர் குடிக்கப் போகிறவன், மூஞ்சி கழுவப் போகிறவன் எல்லோரும் பார்ப்பார்கள். கூட வேலை செய்கிற மண்ணாங்கட்டியின் ‘ம’ நாலு தடவை தொங்கியிருக்கிறது. நடேசன் என்று ஒருவர் இருந்தார். அவருடைய ‘ந’ எட்டு மாதம் தொங்கியதில் மனுஷன் வேலையையே விட்டுவிட்டுப் போனார். பதினாறு வருஷத்தில் ‘த’ மட்டும் ஆணி ஏறியதில்லை. இரண்டு பெண்டாட்டிக்காரனும் மூன்று லாரிக்காரனும் பெருமையடித்துக்கொள்கிற தன் ஊர் மணிமங்கலத்தில், தசரதன் சொல்லிக்கொள்ள வைத்திருந்தது அந்த ஒன்றுதான்.

அந்தத் தொழிலுக்கு ஒரு விதி உண்டு. பேட்டர்னில் உள்மூலை எதுவும் கூராக இருக்கக் கூடாது. கூராக இருந்தால் அந்த இடத்தில் மணல் உதிரும், இரும்பும் ஆறும்போது அங்கேதான் விரிசல் விடும். அதனால் குழிவாக இருக்கிற ஒவ்வோர் இடத்திலும் மெழுகை வைத்துக் கட்டைவிரலால் இழுத்து உருட்டிவிடுவார்கள். தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்த்துக் காய்ச்சிய மெழுகு, ஆறினால் மரம் மாதிரி இறுகிவிடும். பதினாறு வருஷம் மெழுகு இழுத்ததில் தசரதனின் வலது கட்டைவிரல் நுனி தட்டையாகி மஞ்சள் பாரித்துக் கிடந்தது. சொந்த வீட்டுக்குத் தரை போட்டபோது கொத்தனாரைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, சுவரும் தரையும் சேருகிற மூலைகளை எல்லாம் தன் விரலாலேயே சிமெண்ட் இழுத்து உருட்டிவிட்டார். அன்றிலிருந்து அந்த வீட்டில் பீரோ சுவரோடு ஒட்டி நிற்காது. அவர் மனைவி அம்சவல்லி அதைச் சொல்லாத நாள் கிடையாது.

தொண்ணூற்றொன்று ஆகஸ்டில் மெட்ராஸிலிருந்து வெங்கடேசன் என்கிற ஏற்றுமதி ஏஜென்ட் ஒரு வேன் எடுத்துக்கொண்டு வந்தார். பத்து மணிக்கு வருகிறேன் என்றவர் ஒன்றரைக்கு வந்து இறங்கினார். மே மாதம் குண்டு வெடித்ததற்குப் பிறகு ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டி எந்தப் பெட்டியையும் திறக்காமல் கொண்டுவர முடியாது. அவரிடம் இருந்ததோ ஆள் நீளத்துக்கு இரண்டு கறுப்புப் பெட்டிகள்.

“ஸ்க்ரூ டிரைவர் கேட்டு வாங்கி, பின்னாடி மூடியைக் கழட்டிப் பாத்தாங்க சார். உள்ள ஒயர் வேற இருக்கா, கேக்கணுமா” என்று வியர்வையைத் துடைத்துக்கொண்டார் வெங்கடேசன்.

“வுடுங்க சார். ரூபா எறங்கினதுல இனிமே எல்லாம் எக்ஸ்போர்ட்டுதான். ரெண்டு போலீஸ்காரனப் பாத்துட்டா இன்னா இப்போ” என்றார் டில்லிபாபு.

பெட்டிக்குள் இருந்தவை இரண்டு எலெக்ட்ரிக் கிடார்கள். ஒன்று முப்பது வருஷத்துக்கு மேல் பழசு. மற்றது, அந்தப் பழசின் பேரிலேயே அந்தக் கம்பெனி இப்போது மறுபடி செய்து விற்கிற புதுசு. அதற்கு ரீஇஷ்யூ என்று பேராம். பழசு ஒன்று கிடைத்தால் ஒரு வீட்டை விற்று வாங்குகிறவர்கள் வெளிநாட்டில் இருக்கிறார்களாம். அது கிடைக்காதவர்களுக்குத்தான் புதுசு. ஆனால் வாங்கினவர்கள் புகார் எழுதுகிறார்கள்: பேர் அதேதான், நிறமும் அதேதான், மேல்பலகையின் செதுக்கு மட்டும் அது இல்லை என்று. அதனால் வேறொரு கம்பெனி, பழசைப் போலவே மேல்பலகை செதுக்கிக் கொடுக்க ஆள் தேடுகிறது. பேட்டர்ன் செய்கிறவனைவிட அளவு தெரிந்தவன் உண்டா என்று டில்லிபாபு போனிலேயே ஒப்புக்கொண்டுவிட்டார்.

“உங்க கார்பெண்டரைக் கூப்பிடுங்க” என்றார் வெங்கடேசன்.

“கதவு, ஜன்னல் வேணும்னா கார்பெண்டர் படப்பையில இருக்கார் சார்” என்று சொல்லிக்கொண்டே தசரதன் வந்து நின்றார்.

இரண்டையும் நீளப் பலகைமேல் பக்கம் பக்கமாகப் படுக்க வைத்தார்கள். பெயிண்ட், பளபளப்பு, தந்தி, பொத்தான் எதையும் தசரதன் பார்க்கவில்லை. குனிந்து, கண்ணைப் பலகை மட்டத்துக்குக் கொண்டுவந்து, வாசல் வெளிச்சத்துக்கு எதிராக முதலில் பழசைப் பார்த்தார். நடுவில் மெல்ல உயர்ந்திருந்த மரம் ஓரத்தை நோக்கிச் சரிந்துகொண்டே வந்தது. ஓரம் வந்ததும் நிற்கவில்லை. விளிம்புக்கு ஓர் அங்குலம் முன்னால் விளிம்பின் மட்டத்துக்கும் கீழே இறங்கி, அங்கே ஒரு பள்ளமாகத் தவழ்ந்து, மறுபடி ஏறி விளிம்பில் முடிந்தது. நஞ்சை சரிந்து வந்து கால்வாயில் இறங்கி வரப்பில் ஏறுவது போல. எங்கே சரிவு முடிந்தது, எங்கே பள்ளம் தொடங்கியது என்று விரலுக்கே தெரியவில்லை. இரண்டு பக்கமும் ஒன்றாகவும் இல்லை. ஒரு பக்கத்துப் பள்ளம் அரை நூல், அதாவது அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு, ஆழம் அதிகம். யாரோ ஒருவர் அந்தப் பக்கம் வரும்போது உப்புத்தாளைக் கொஞ்சம் அழுத்தியிருக்கிறார்.

பிறகு புதுசுக்கு நகர்ந்தார். நடுவில் இட்லி மாதிரி உப்பல். உப்பல் முடிந்த இடத்தில் செங்குத்தாக ஒரு சரிவு. அப்புறம் தட்டை. பள்ளம் இருக்கவேண்டிய இடத்தில் பள்ளத்தின் பேர் மட்டும் இருந்தது. விளிம்பு தடித்துப்போய், வாயில் வெற்றிலையை அதக்கினவன் உதடு போல் நின்றது. இரண்டு பக்கமும் அச்சாக ஒன்றே. அங்கே யாருடைய கையும் எங்கேயும் அழுத்தவில்லை.

அதன்மேல் ஒரே ஒரு தடவை உள்ளங்கையை ஓடவிட்டார். அப்புறம் குழாயடிக்குப் போனார்.

“இன்னாண்ணா, வெளிநாட்டுக்காரனையும் கழுவிட்டியா?” என்றாள் மெர்சி. அவள் அங்கே உப்புத்தாள் போடுகிறவள். செதுக்கி முடித்ததை எல்லாம் கடைசியாக வழவழப்பாக்கி அனுப்புவது அவள் கைதான். அவள் அண்ணன் மாதா கோயில் பாட்டுக் குழுவில் கிடார் வாசிக்கிறவன் என்பதால் அன்றைக்கு அவளுக்குக் கொஞ்சம் ஏற்றம்.

“இத்த செஞ்சவன் கையில சோறு வாங்கித் துன்னாதம்மா” என்றார் தசரதன். “பழச பக்கத்துல வெச்சுக்கினே இப்படிச் செஞ்சிருக்கான் பாரு. குருடன் தடவினாக்கூடத் தெரியும். இதுக்கு அதே பேரு வேற வெச்சிருக்கான், வெக்கங்கெட்டவன்.”

“அவன் மூஞ்சிய நீ பாத்தியா?”

“மூஞ்சி எதுக்கு? வேலையப் பாத்தாப் போதாதா?”

வேலையை அவர் அனுபவித்துச் செய்தார் என்று சொல்ல முடியாது. புதுசின்மேல் இருந்த அருவருப்புதான் அவரை ஓட்டியது. பழசின் மேல்பலகையைப் பதினாலு இடத்தில் குறுக்காக அளந்து, ஒவ்வொரு இடத்தின் மேடு பள்ளத்தையும் கெட்டி அட்டையில் வெட்டி எடுத்துக்கொண்டார். தேக்கில் செதுக்கச் செதுக்க அந்தந்த அட்டையை அந்தந்த இடத்தில் நிறுத்தி, பின்னாலிருந்து வெளிச்சம் காட்டிப் பார்த்தார். ஒன்பதாவது நாள் எந்த அட்டைக்கு அடியிலும் வெளிச்சம் வரவில்லை. பிறகு வழக்கம்போல் கடைசி வேலைகளை முடித்து, இரண்டு கை சிவப்பு வார்னிஷ் அடித்து, காயவைத்து, கவிழ்த்து, ‘த’ அடித்தார்.

“இப்ப வரும் பாரு” என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். “இட்லி சுட்டு அனுப்பிச்சானே அவனுக்கு இத்த பார்சல்ல அனுப்பி வெக்கணும்.”

அடுத்தது மண்ணாங்கட்டியின் வேலை. அவரிடம் ஒரு காப்பி மிஷின் இருந்தது. ஒரு பக்கம் குண்டு முனை பேட்டர்ன்மேல் உருண்டு போகும். மறுபக்கம் கத்தி அதே மேடு பள்ளத்தை வேறு பலகையில் வெட்டும். வெளிநாட்டிலிருந்து வந்திருந்த வெள்ளை மரத்தில் முதல் மேல்பலகையை வெட்டி மெர்சியிடம் கொடுத்தார். மெர்சி ஒரு மணி நேரம் உப்புத்தாள் போட்டாள். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு, ஒரு கையைப் பழசின்மேலும் மறு கையை இதன்மேலும் வைத்து ஒரே சமயத்தில் இழுத்தாள். கண்ணைத் திறந்தவள் மூன்றாவதாகப் புதுசின்மேல் கையை வைத்தாள்.

“அண்ணா, கோச்சுக்காதே. இது அந்தப் புதுசு மாதிரியே கீது.”

தசரதன் பலகையைப் பிடுங்காத குறையாக வாங்கி, வாசல் வெளிச்சத்தில் கண் மட்டத்துக்குத் தூக்கினார். உப்பல் இல்லை, நடுப்பாகம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் ஓரத்தில் இறங்கவேண்டிய மரம் இறங்காமல் தட்டையாகப் போய் விளிம்பில் முட்டிக்கொண்டது. கால்வாயைத் தூர்த்துவிட்டு வரப்போடு சேர்த்து உழுதமாதிரி.

 நேரே மண்ணாங்கட்டியிடம் போனார்.

“உன் கத்தி இன்னா சைஸு?”

“பேட்டர்ன்மேல உருளுற குண்டு இன்னா சைஸோ அதே சைஸு.”

“அது பள்ளத்துல எறங்கவேயில்ல.”

“பள்ளம் இருந்தா எறங்கும்” என்றார் மண்ணாங்கட்டி, பீடியைக் காதில் செருகிக்கொண்டு. “நீ இன்னா குடுக்கிறியோ அத்தத்தான் என் மிஷினு வெட்டும் தசரதா. அதுக்கு மூளை கிடையாது, என்னை மாதிரி.”

“நாலு வாட்டி ஆணியில தொங்கினவன் பேச்சப் பாரு.”

“தொங்கினவனுக்குத்தான்ப்பா தெரியும், கவுறு எங்க அறுக்கும்னு.”

டில்லிபாபு வந்து பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கு எதுவும் தெரியவில்லை. “அட இன்னா மேஸ்திரி, ஒரு நூல் இருக்குமா வித்தியாசம்? அவனவன் மேல தந்தி கட்டி, பெயிண்ட் அடிச்சு, இருட்டுல மேடையில நின்னு வாசிக்கப் போறான். பள்ளத்துல தண்ணி பாய்ச்சியா பாக்கப் போறான்?” என்றவர், சட்டைப் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து நீட்டினார். கிடாரோடு வைத்து அனுப்ப வெங்கடேசன் அச்சடித்துக் கொடுத்திருந்த கார்டு. பழைய கிடாரை நேரில் வைத்து, கைதேர்ந்த கலைஞர் மயிரிழையும் பிசகாமல் செதுக்கியது என்று இங்கிலீஷில் போட்டிருந்ததை டில்லிபாபு தமிழில் சொன்னார். அடியில் ஒரு கோடு. “இங்க ஒரு கையெழுத்து. சனிக்கிழமை அவர் வராரு.”

தசரதன் அந்தக் கார்டைத் தொடவில்லை. பல்லி விழுந்த சாம்பாரைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுச் சைக்கிளை எடுத்தார்.

சாயங்காலம் வீட்டில் அம்சவல்லி பீரோவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். பின்னால் விழுந்துவிட்ட சீப்பை எடுப்பதற்காக இழுத்தது, திரும்பிப் போகவில்லை. சுவரோரம் உருட்டிவிட்ட சிமெண்டில் பீரோவின் பின்கால் ஏறி நின்றுகொண்டது.

“இந்த வூட்டக் கட்டினவன் கையில கட்டி மொளைக்க” என்றாள், கட்டினவர் பின்னால் நிற்பதைத் தெரிந்தே. “ஊர்ல அவனவன் மூலைய மூலையா வுடறான். உனுக்கு மட்டும் மூலையக் கண்டா ஆவாது. எங்க பள்ளம் கீதோ அங்க போயித் தடவிட்டு வந்துடு. இத்த இன்னா, மண்ணுல பொதச்சு இரும்பா ஊத்தப் போறே?”

தசரதன் செருப்பைக் கழற்றின காலோடு அப்படியே நின்றார். பீரோ காலைப் பார்த்தார். அது ஏறி நின்ற உருண்டைச் சிமெண்டைப் பார்த்தார். பிறகு தன் கட்டைவிரலைப் பார்த்தார்.

“இன்னா நின்னுக்கினு கீறே? புடி அந்தப் பக்கம்.”

அவர் பிடிக்கவில்லை. அன்றைக்குச் சோறும் சாப்பிடவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்து தட்டின் முன்னால் உட்கார்ந்தார். மறுபடி எழுந்து போய்க் கழுவினார்.

மறுநாள் பட்டறைக்கு முதல் ஆளாகப் போனார். பதினாலு அட்டைகளில் ஒன்றை எடுத்துப் பழசின்மேல் நிறுத்தினார், ஒட்டி உட்கார்ந்தது. அதையே தன் பேட்டர்ன்மேல் நிறுத்தினார். பள்ளத்து இடத்தில் இறங்காமல் தூக்கிக்கொண்டு நின்றது, இரண்டு பக்கமும் வெளிச்சம். வார்னிஷை நகத்தால் சுரண்டினார். சிவப்பு உரிந்தது. அதற்கடியில் தேக்கு வரவில்லை. மஞ்சளாக மெழுகு வந்தது.

ஒன்பதாவது நாள் அட்டை வைத்துப் பார்த்தபோது சரியாக இருந்தது மரம். அதற்குப் பிறகு, வார்னிஷுக்கு முன்னால், வழக்கம்போல் செய்த கடைசி வேலைகளில்தான் கெட்டிருக்கிறது. பதினாறு வருஷமாக அட்டை வைத்துப் பார்ப்பது முதலில், மெழுகு அப்புறம். குழிவு எங்கே இருந்தாலும் அங்கே மெழுகை வைத்து விரலால் இழுத்துவிடுவது. அதை அவர் யோசித்துச் செய்ததில்லை. மூச்சு விடுகிற மாதிரி செய்திருக்கிறார். விளிம்பையும் பார்த்தார். மணலிலிருந்து உருவ வாகாக, கொஞ்சம் சாய்த்துத் தேய்த்திருந்தது. உலகத்தில் எந்த மணலிலும் புதைக்கப் போகாத ஒரு கிடாருக்கு. மெழுகையாவது சுரண்டி எடுக்கலாம், தேய்த்த விளிம்பைத் திரும்ப வளர்க்க முடியாது.

உள்ளே வந்த மெர்சி, சுரண்டிய இடத்தையும் அவர் முகத்தையும் பார்த்தாள்.

“அன்னிக்கே பாத்தேண்ணா. நீ சுத்தி சுத்தி மெழுகு இழுத்துக்கினு இருந்தே. ஏதோ கணக்காத்தான் செய்றேன்னு நெனச்சுக்கினேன்.”

“சொல்லக் கூடாதா?”

“உன்கிட்டியா?” என்றாள் மெர்சி. “உனுக்கு யாரு சொல்றது?”

 மற்றவன் வேலையைத் தொட்டால் சோப்பு போட்டுக் கழுவலாம். இதை எங்கே போய்க் கழுவுவது என்று விரலை வேட்டியில் தேய்த்துக்கொண்டே நின்றார். பிறகு அந்தப் புதுசு ஞாபகம் வந்தது. முகம் தெரியாத ஊரில் முகம் தெரியாத ஒருத்தன். அவனும் ஒருவேளை வேலை தெரியாதவன் இல்லையோ என்னவோ. வேறு எதையோ இருபது வருஷம் ஒழுங்காகச் செய்து, அந்த ஒழுங்கை இதிலும் தடவிவிட்டவனாக இருக்கலாம். அவன் கையில் சோறு வாங்கித் தின்னாதே என்று சொன்னது இப்போது தன் கைக்கும் பொருந்தியது.

“வாங்கறவன் கண்ணுல படறதுக்குள்ள வேற ஒண்ணு செஞ்சிடு” என்றாள் மெர்சி. “அவரு பாக்காதது ஆணிக்குப் போவாதில்ல. இத்த ஒடச்சு அடுப்புல போட்டுடலாம். நானும் மண்ணாங்கட்டியண்ணனும் வாயத் தொறக்க மாட்டோம்.”

அது சட்டப்படி சரிதான். தள்ளினால்தான் ஆணி. நாலு நாள் இருந்தது. மதியச் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்காமல் இரண்டாவது பேட்டர்னைச் செதுக்கினார். மெழுகுக் கிண்ணத்தைத் தூக்கி மண்ணாங்கட்டியின் மிஷினுக்கு அடியில் வைக்கச் சொன்னார். கட்டைவிரலில் பழைய துணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டார். ஆனாலும் பள்ளத்தைக் கடக்கும்போதெல்லாம் அந்த விரல் ஒருமுறை துடித்து இழுத்தது. அதைக் கண்டபோது அவருக்குத் தன் உடம்பில் வேறெவனோ குடியிருப்பது போல் அருவருப்பாக இருந்தது. வெள்ளிக்கிழமை காலையில் முடிந்தது. வார்னிஷ் காய்ந்த பிறகு, வாழ்க்கையில் முதல் தடவையாக மறுபடியும் பதினாலு அட்டையும் வைத்துப் பார்த்தார். ஒன்றிலும் வெளிச்சம் வரவில்லை. அரை நூல் ஆழம் அதிகமாக இருந்த பக்கத்தில் இதிலும் அரை நூல் அதிகம். ‘த’ அடித்தார்.

மண்ணாங்கட்டி அதில் ஒரு பலகையை வெட்டித் தந்தார். மெர்சி கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கையையும் இழுத்தாள். இந்தத் தடவை கண்ணைத் திறக்க நேரமானது.

“எந்தக் கை எதுமேல கீதுன்னு தெரியலண்ணா” என்றாள்.

பழைய பேட்டர்னை உடைக்க மண்ணாங்கட்டி சுத்தியலை எடுத்தார். தசரதன் வேண்டாமென்றார்.

“ஏம்ப்பா, பைத்தியமா உனுக்கு?”

“என் எழுத்து போட்டுக் கீது. செஞ்சது நான். அவருகிட்ட ரெண்டையும் வெச்சு, இது தப்புன்னு நானே சொல்றேன். தள்ளட்டும். தொங்கட்டும்.” சுத்தியலை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, “நடேசனப் பாத்து எட்டு மாசம் சிரிச்சேன்” என்றார்.

சனிக்கிழமை வெங்கடேசன் சொன்ன நேரத்துக்கே வந்தார். பலகையின்மேல் இரண்டு பேட்டர்ன்களும், ஒவ்வொன்றிலும் வெட்டிய ஒரு மேல்பலகையும் இருந்தன. தசரதன் சுற்றி வளைக்கவில்லை.

“சார், இது தப்பா வந்துடுச்சி. ஓரத்துல பள்ளம் தூந்துடுச்சி, என் கை செஞ்ச தப்பு. இத்த தள்ளிடுங்க. இது ரெண்டாவது. பழசு எப்படியோ அப்படியே கீது. கைய வெச்சுப் பாருங்க.”

வெங்கடேசன் கையை வைக்கவில்லை. இரண்டு அடி பின்னால் நகர்ந்து, போட்டோ எடுக்கிறவர் மாதிரி தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

“இதுதான் நல்லா இருக்கு” என்றார். காட்டியது முதலாவதை.

“சார், அது தப்பு.”

“என்ன தப்பு? நீட்டா இருக்கே. ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கு. அதுல பாருங்க, ஓரமெல்லாம் குழி. ஒரு பக்கம் வேற அதிகம். டேமேஜ்னு சொல்லித் திருப்பி அனுப்புவான். ஓரம் மெல்லிசா இருக்கு, கப்பல்ல போறப்ப ஒடையும். உப்புத்தாள் போடவும் நேரம் ஆகும், இல்லையாம்மா?”

“ஆவும்” என்றாள் மெர்சி. “அதுக்குத்தானே பழசு பழசா கீது.”

“அந்தக் குழிதான் சார் பழசு” என்றார் தசரதன். “அது வேணும்னுதானே வந்தீங்க. புதுசுல அது இல்லன்னுதானே வேலைய இங்க வரைக்கும் கொணாந்தீங்க.”

“பழசோட பேர் வேணும்ங்க” என்று சிரித்தார் வெங்கடேசன். குழந்தைக்கு விளக்குகிற சிரிப்பு. “காகிதத்துல அவன் ஆயிரம் எழுதுவான். கடைல மாட்டினா பாக்கறதுக்கு எப்படி இருக்குன்னுதான் கேப்பான். அந்தக் குழியை எல்லாம் யார் தடவிப் பாக்கப் போறா? டில்லிபாபு, இது ஓகே. இதுல நூறு போடச் சொல்லுங்க. அது ரிஜெக்ட். கார்டுல கையெழுத்து வாங்கியாச்சா?”

தசரதன் டில்லிபாபுவைப் பார்த்தார். டில்லிபாபு தசரதனைப் பார்க்காமல் கார்டை எடுத்து, கைதேர்ந்த கலைஞர் போடவேண்டிய கோட்டில் தானே கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு ஊதினார், மை காயட்டும் என்று.

 அந்த ஊதலைப் பார்த்துவிட்டுத் தசரதன் இழைப்புளியை எடுத்தார். முதலாவது பேட்டர்னைக் கவிழ்த்து, ‘த’ இருந்த இடத்தில் நாலு இழைப்பு இழைத்தார். எழுத்து சுருள் சுருளாக வந்து கீழே விழுந்தது.

“இன்னா மேஸ்திரி இது? எழுத்து இல்லாம நம்ம பட்டறைலருந்து ஒண்ணும் போனதில்லையே” என்றார் டில்லிபாபு.

“இது போவும் முதலாளி. உங்க கையெழுத்துதான் கீதே.”

பிறகு இரண்டாவது பேட்டர்னை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார். ஆணியில் அப்போது தொங்கியது மண்ணாங்கட்டியின் ‘ம’ போட்ட ஒரு பம்பு மூடி. அதை இறக்கி அவர் கையில் கொடுத்தார்.

“யோவ், அது சரியா வந்ததுய்யா” என்றார் மண்ணாங்கட்டி. “அத்த ஏன் தொங்க வுடறே? பதினாறு வருஷம்.”

“வாங்கறவன் வேணாம்னது ஆணிக்குப் போவணும். உனுக்கு ஒரு சட்டம், எனுக்கு ஒரு சட்டமா?”

எழுத்து வெளியே தெரியும்படி மாட்டினார். மாட்டிவிட்டு, கையைக் கழுவ சோப்பை எடுத்தவர், என்ன தோன்றியதோ, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுத் திரும்பி வந்தார். திங்கட்கிழமையிலிருந்து மண்ணாங்கட்டியின் மிஷின் எழுத்தில்லாத பேட்டர்ன்மேல் உருண்டு நூறு பலகை வெட்டியது. மெர்சி ஒவ்வொன்றுக்கும் இருபது நிமிஷம் உப்புத்தாள் போட்டாள். வெளிநாட்டிலிருந்து புகார் எதுவும் வரவில்லை. மேலும் இருநூறு கேட்டார்கள்.

அதற்குப் பிறகு வேறு பேட்டர்ன்களும் தள்ளப்பட்டன. ஆனால் யாரும் கிடார்ப் பலகையை இறக்கத் துணியவில்லை. பக்கத்தில் இன்னோர் ஆணி அடித்துக்கொண்டார்கள். மறைமலை நகர் ஆலையிலிருந்து வருகிற முனிரத்தினம் என்கிற இன்ஸ்பெக்டர் ஒருநாள் தண்ணீர் குடிக்கப் போனவர், டம்ளரும் கையுமாக நின்றுவிட்டார்.

“இன்னா மேஸ்திரி, ‘த’கூடத் தொங்குதே. நீங்களே தப்பு பண்ணா நாங்க எங்க போறது?”

தசரதன் வேலையிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. ஒரு மோட்டார் மூடியின் உள்மூலையில் மெழுகை வைத்து, கட்டைவிரலால் இழுத்துக்கொண்டிருந்தார்.

“தப்பு பண்ணது கப்பல்ல போயிடுச்சி சார்” என்றார். “சரியா வந்ததுதான் தொங்குது.”